அட்டை யார் பக்கம் திரும்ப வேண்டும்?

எங்கள் தொடுதிரை மேஜையின் டிசைன் ரிவ்யூவில் ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேஜையைச் சுற்றி நாலு பேர், நாலு பக்கம். ஒருவர் திரையில் இருந்த தகவல் அட்டையை எதிரில் நின்றவரிடம் தள்ளினார். அது அவருக்குத் தலைகீழாகப் போய் நின்றது. "ஏங்க, இது தானாத் திரும்பாதா?" என்று தள்ளியவர் கேட்டார். "நீங்க திருப்பிக் கொடுத்தா நேரா போகும், காகிதம் கொடுக்கிற மாதிரிதான்" என்றேன். "காகிதத்தால முடியாது, இதால முடியுமே" என்றார். அதோடு பேச்சு அடுத்த திரைக்குப் போய்விட்டது.

அந்தப் பதிலுக்குக் காரணம் இருந்தது. சுவரில் மாட்டிய திரைக்கு மேல், கீழ் உண்டு. மேஜைக்குக் கிடையாது, எவர் எங்கே நிற்கிறாரோ அந்தப் பக்கம்தான் அவருக்குக் கீழ். சாதாரண மேஜையில் மனிதர்கள் காகிதத்தை எப்போது, எதற்காகத் திருப்புகிறார்கள் என்பதைக் கால்கரி பல்கலைக்கழகக் குழு ஒன்று கவனித்து 2003-இல் எழுதியது. படிப்பதற்காக மட்டும் திருப்புவதில்லை. என் பக்கம் பார்த்திருக்கும் தாளில் இப்போது நான் வேலை செய்கிறேன், நீ கை வைக்காதே என்று பொருள். உன் பக்கம் திருப்பினால், இதைக் கொஞ்சம் பார் என்று பொருள். வாய் திறக்காமலே இவ்வளவும் நடந்துவிடுகிறது. மென்பொருள் தானாகத் திருப்பத் தொடங்கினால் இந்தப் பேச்சு கெட்டுப்போகிறது. வேண்டுமென்றே திருப்பியது எது, தானாகத் திரும்பியது எது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

மேஜைக்கும் தெரியாது, யார் தொட்டது என்று. 2001-இல் மிட்சுபிஷி ஆய்வுக்கூடத்தில் வந்த டயமண்ட்டச் என்ற மேஜைக்கு அது தெரியும்: ஒவ்வொருவரின் நாற்காலியிலும் ஒரு ரிசீவர், மேஜைப் பரப்பிலிருந்து வரும் சிக்னல் தொட்டவரின் உடல் வழியே அவருடைய நாற்காலிக்குப் போய்ச் சேரும். 2007-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 30 அங்குல சர்ஃபேஸ் மேஜையில், திரைக்கு அடியில் 5 அகச்சிவப்பு கேமராக்கள். அவற்றுக்கு விரல் தெரியும், விரலுக்கு உரியவர் தெரியாது. விரல் சாய்ந்து பட்டால் கேமராவில் நீள்வட்டமாக விழும். அதன் அச்சை வைத்துக் கை எந்தக் கோட்டில் நீளுகிறது என்று கணிக்கலாம். ஆனால் கோட்டின் எந்த முனையில் ஆள் நிற்கிறார் என்பதை அது மட்டும் சொல்லாது. விரலைச் செங்குத்தாக வைத்தால் வெறும் வட்டம்தான்.

மிஞ்சுவது ஒரே விதி: அட்டை எந்த விளிம்புக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் திருப்பு. காகிதத்தில் எழுதும்போது எளிதாகத் தெரியும் இந்த விதி, ஓடவிட்டதும் பல்லிளிக்கும். இரண்டு விளிம்புகளுக்கும் சம தூரத்தில் இருக்கும் கோட்டில் அட்டை நின்றால், விரலின் சின்ன நடுக்கத்துக்கே இப்படியும் அப்படியும் புரளும். கோட்டின் இருபுறமும் ஓர் இடைவெளிப் பட்டை வைத்து, அதைத் தாண்டினால்தான் திரும்பு என்று கட்ட வேண்டும். இழுக்கும்போதே திரும்பினால் விரலுக்கு அடியில் இருந்த எழுத்து நழுவிவிடும். தொட்ட புள்ளி விரலோடு ஒட்டியிருப்பதுதான் தொடுதிரையின் உயிர். சரி, விரலை எடுத்த பிறகு திருப்பலாம் என்றால், அதற்குள் இன்னொருவர் அதே அட்டையின் பொத்தானுக்குக் கை நீட்டியிருப்பார். பொத்தான் இடம் மாறி, அவர் விரல் வேறெதிலோ படும்.

ஆக, கையால் திருப்புவதே மேல். இதை இன்றும் நம்புகிறேன். ஆனால் அதற்கும் விலை உண்டு. ஒரு கையின் இரண்டு விரல்களால் மணிக்கட்டைச் சுழற்றி அட்டையை ஒரே வீச்சில் தலைகீழாக்க முடியாது. விரலை எடுத்து, மறுபடி பிடித்து, மீண்டும் சுழற்ற வேண்டும். விரல்கள் நெருங்கியிருந்தால் இன்னும் மோசம்: இரண்டுக்கும் நடுவே 30 பிக்சல் மட்டும் இருக்கும்போது ஒரு விரல் 1 பிக்சல் ஆடினாலே கோணம் கிட்டத்தட்ட 2 டிகிரி மாறும். விரலை எடுக்கும் கடைசி நொடித்துளியில் தொடு பரப்பு சுருங்கி அதன் மையம் நகரும். கேமரா எடுத்த அந்தக் கடைசி சில ஃபிரேம்களை (படங்களை) கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் அட்டை வைத்த கோணத்தில் நிற்கும்.

இதனால்தான் ஒற்றை விரல் முறையைத் தேர்ந்தோம். அட்டையின் நடுவில் தொட்டு இழுத்தால் திரும்பாமல் நகரும். ஓரத்தில் தொட்டு இழுத்தால், உராய்வு இருப்பதுபோல மற்ற பகுதி விரலுக்குப் பின்னால் இழுபடும். அட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து எதிரில் இருப்பவரை நோக்கித் தள்ளிப் பாருங்கள். முதலில் அட்டை விரலுக்கு முன்னால் இருக்கும். கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கமாகச் சரிந்து, சுழன்று, விரலுக்குப் பின்னால் வந்துவிடும். போய்ச் சேரும்போது கீழ் ஓரம் அவர் பக்கம். எழுத்து அவருக்கு நேர். கொடுப்பதும் திருப்புவதும் ஒரே அசைவு. மேல் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் தலைகீழாகப் போகும். ரிவ்யூவில் நடந்தது அதுதான்.

அவர் மேல் ஓரத்தைத் தொட்டது இயல்பு. தள்ள நினைக்கும் கை, தூரத்து ஓரத்தைத்தான் தொடும். 'கீழே பிடியுங்கள்' என்று சொல்லித்தர பக்கத்தில் ஆள் நிற்கப்போவதில்லை. பொது இடத்து மேஜையில் நின்றுகொண்டே தொடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். பழகும் வரை யார் இருக்கிறார்கள்? கால்கரியில் கவனித்தது கூடி உட்கார்ந்து வேலை செய்தவர்களை. ஒருவரையொருவர் அறியாதவர்கள் நிற்கும் மேஜையில், எதிரில் இருக்கும் கூச்ச சுபாவக்காரர் மற்றவரின் அட்டையைத் திருப்பிக்கொள்ளவே மாட்டார். தலைகீழாகவே பார்த்துவிட்டுப் போவார். அவரை நினைக்கும்போதுதான் என் பதில் ஆட்டம் காண்கிறது.

ஓரிரு சொல் தலைப்பென்றால் தலைகீழாகவும் படித்துவிடலாம், பத்தி முடியாது. போதாததற்கு அந்த 30 அங்குல சர்ஃபேஸ் திரையில் 1024×768 பிக்சல்தான், அங்குலத்துக்குச் சுமார் 43. எழுத்தைச் சாய்த்தால் மெல்லிய கோடுகள் படிக்கட்டாக உடையும்.

பிறகு ஒரு நடுவழி எடுத்தோம். அட்டையைத் திறந்தால், தொட்ட இடத்துக்கு அருகிலுள்ள விளிம்பைப் பார்த்துத் திறக்கும். மேஜை நடுவில் வைத்தது வைத்தபடி இருக்கும். விளிம்பை ஒட்டிய ஒரு கையகலப் பட்டைக்குள் கொண்டுவந்து விட்டால் மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். எதிரில் நிற்பவரின் விளிம்பு வரை கை எட்டாதவர்களுக்கு இதனால் பயனில்லை. அவர்கள் நடுவில் விடுவார்கள், அங்கே பழைய சிக்கல் அப்படியே இருக்கும். மூலையில் நிற்பவருக்கு இரண்டு விளிம்பும் சமம். அவருக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு இன்றுவரை எங்களிடம் விதி இல்லை. 45 டிகிரியில் நிறுத்தலாம் என்பது என் கட்சி, சாய்ந்த எழுத்து வேண்டவே வேண்டாம் என்பது மற்றவர்கள் கட்சி.