குடியேறியவர் மொழியில் நாட்டுப்பண்

2006ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், அமெரிக்க நாட்டுப்பண்ணை ஸ்பானிய மொழியில் பாடிய ‘நுவெஸ்ட்ரோ இம்னோ’ என்னும் பதிவு வெளியானபோது, அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ், நாட்டுப்பண் ஆங்கிலத்தில்தான் பாடப்பட வேண்டும் என்றும், குடியுரிமை வேண்டுவோர் அதை ஆங்கிலத்தில் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கூறினார். நாட்டுப்பண் வங்கமொழியிலும் மாநிலப் பாடல் தமிழிலும் ஒலிக்கும் சென்னையில் வாழ்பவன் என்ற முறையில், அந்த விவாதத்தை நான் அயல்நாட்டுச் செய்தியாகக் கடந்துசெல்ல இயலவில்லை.

புஷ்ஷின் கருத்துக்கு அந்நாட்டு வரலாறே இடம் தரவில்லை என்பது என் எண்ணம். பிரான்சிஸ் ஸ்காட் கீ 1814இல் எழுதிய அப்பாடல், இலண்டன் சங்கம் ஒன்றின் பாட்டுக்கு அமைந்த மெட்டில் பாடப்பட்டு, 1931இல்தான் சட்டப்படி நாட்டுப்பண் ஆயிற்று. அதற்கு முன்பே, 1919இல், அமெரிக்க அரசின் கல்வித் துறை அதன் ஸ்பானிய வடிவத்தை வெளியிட்டிருந்தது. 1945இலோ, பெரு நாட்டில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய குளோடில்டே ஆரியாஸ் என்ற பெண்மணியிடம் வெளியுறவுத் துறையே பாடத்தக்க மொழிபெயர்ப்பைப் பெற்றது. இவற்றிலெல்லாம் எவரும் காணாத ஆபத்தை 2006இல் பலர் கண்டதற்குக் காரணம் பாட்டைவிட அன்றைய அரசியலே ஆகும். ஆவணமின்றி வாழ்வதையே குற்றமாக்கும் மசோதா 2005 டிசம்பரில் கீழவையில் நிறைவேறியிருந்தது. அதை எதிர்த்து இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்திருந்தனர். ஒன்றை மட்டும் ஸ்பானியப் பதிவை எதிர்த்தவர்கள் பக்கம் நின்று ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் பதிவின் வரிகள் சில இடங்களில் மூலத்தை விட்டு விலகிச் சென்றன, நாட்டுப்பண் என்று அழைக்கப்படும் பாடலில் அந்த விலகல் கூடாது.

மூலமொழி தெரியாவிட்டால் பற்றும் வராது என்ற வாதத்தை நம் அனுபவம் ஏற்பதில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தோட்டத் தமிழர்கள், தாகூரின் வங்கப் பாடலை ஒட்டி அமைந்த ‘சுப் சுக் செயின்’ என்ற இந்துஸ்தானிப் பாடலைத்தான் பாடினார்கள். அவர்களுடைய நாட்டுப்பற்றை யாராலும் குறைத்து மதிப்பிட முடியாது. நம் பள்ளிப் பாடநூல்களின் முதல் பக்கங்களிலும் ‘ஜன கண மன’ தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டு, அதன் பொருளும் தமிழில் தரப்படுகிறது. என்னைப் போன்ற பலருக்கு அந்தப் பாடல் நெஞ்சில் தங்கியதற்கு அந்தத் தமிழ்ப் பொருளும் ஒரு காரணம்.

இலங்கையின் கதையை இதனோடு குழப்பக் கூடாது. தமிழ் அங்கே குடியேறியவர் மொழியன்று, மண்ணின் மொழி. 2016 பிப்ரவரி 4 சுதந்திர தின விழாவில் ஒலித்த தமிழ் நாட்டுப்பண் 2020 விழாவில் இல்லாமற்போனதைப் படித்து வருந்திய சென்னைத் தமிழர்களில் நானும் ஒருவன். ஆயினும், அதே அளவுகோலை நம் ஊரில் பயன்படுத்தத் துணிவோமா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் பாடுகிறார்கள். அவர்களின் பெற்றோர் அதை ஒடியாவிலோ இந்தியிலோ பாட விரும்பினால் நம்மில் பலர் கொதிப்போம் என்பதை அறிவேன். 1938இலும் 1965இலும் இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைக் கண்ட மாநிலத்தில் அந்தக் கொதிப்புக்கு நியாயமான வேர் உண்டு. ஆனால் அரசாணையின் பலத்தோடு வரும் இந்தியும், சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குபவரின் நாவில் இருக்கும் இந்தியும் அதிகாரத்தில் ஒன்றல்ல. முன்னதை எதிர்ப்பது நம் உரிமை. பின்னதைக் கண்டு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, அமெரிக்காவில் ஸ்பானியத்தைக் கண்டு அஞ்ச வேண்டியிராதது போலவே.

அரசு விழாக்களில் மூலப் பாடல் ஒலிக்கட்டும். வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் ஊர்க்கூட்டத்திலும் அவரவர் மொழியில் பாடுவதை எந்த அரசும் தடுக்கலாகாது. ‘ஜன கண மன’வின் பொருளை நமக்குத் தமிழில் அச்சிட்டுத் தந்ததைப் போல, தமிழ்த்தாய் வாழ்த்தின் பொருளை அந்தப் பிள்ளைகளுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் அச்சிட்டுத் தருமாறு பள்ளிக் கல்வித் துறையை வேண்டுகிறேன்.