41 பூ, ஒரு பிஞ்சு: வரும் பட்டத்துக்கு எந்தத் தக்காளி?

மூன்றாவது வருஷமும் என் மாடித் தோட்டத்தில் பிராண்டிவைன் என்ற வெளிநாட்டுத் தக்காளி காய்க்கவில்லை. இந்த முறை இரண்டு பையில் வைத்தேன். இரண்டும் என் தோளைத் தாண்டி வளர்ந்தன. உருளைக்கிழங்குச் செடி போல அகன்ற இலை, ஒரு நோய் கிடையாது. பிப்ரவரி கடைசியில் பூக்கத் தொடங்கி மார்ச் முழுக்கப் பூத்தது. எண்ணி எழுதி வைத்தேன்: 41 பூ. நின்றது ஒரே ஒரு பிஞ்சு. அதுவும் சுண்டைக்காய் அளவில் மஞ்சளாகி விழுந்துவிட்டது. பத்தடி தள்ளி இருந்த நம்மூர்த் தக்காளி ரகம் பிகேஎம் 1, பருவமெல்லாம் சேர்த்து நான் எண்ணிய 52 பூவுக்கு 31 காய் கொடுத்தது. மண் கலவையும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

அதனால் இந்த ஆவணியில் விதை டப்பாவைத் திறந்தபோது, பாக்கெட் படத்தைப் பார்த்து ரகம் எடுப்பதில்லை, நோட்டைப் பார்த்துத்தான் எடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

நோட்டில் முக்கியமானது இரவு வெப்பநிலை. தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, தினமும் அதிகாலையில் குறித்து வந்தேன். இரவு 15 முதல் 21 டிகிரி இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். அதற்கு மேலே போகப் போகப் பூ உதிரும். பலரும் மே மாத வெயிலைத்தான் திட்டுகிறார்கள். உண்மையில் நம் ஊரில் தக்காளியைக் கெடுப்பது இரவுப் புழுக்கம். பெரம்பூரில் என் மாடியில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் இரவு 23க்குக் கீழே இறங்கியது. மொத்தமே 75 இரவு. முன்கூட்டியே நட்டுவிடலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை விடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, அவசரப்பட்டு நட்ட பதினான்கு நாற்றும் பையிலேயே அழுகின.

ஆக அந்த 75 இரவுக்குள் பூத்து, காயும் பிடித்தாக வேண்டும். பிராண்டிவைன் நட்டு 80, 90 நாள் கழித்துத்தான் முதல் பழம் தரும் ரகம். நம் மாடியில் அது பூக்கத் தொடங்கும்போது குளிர் இரவுகள் முடிந்துவிடுகின்றன. செடியின் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதற்காகச் சும்மாவும் விட்டுவிடவில்லை. பூவை அதிர வைத்து மகரந்தம் சேர்க்கப் பேட்டரி டூத் பிரஷ்ஷை எடுத்தேன். அந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைச் செய்துவிட்டு "பலன் இல்லை" என்கிறார்கள். தக்காளிப் பூவில் மகரந்தம் குழல் மாதிரி ஒட்டியிருக்கும் பைகளுக்குள் இருக்கிறது. அதிர்ந்தால்தான் கொட்டும். தேனீயால் அப்படி அதிர வைக்க முடியாது. கருவண்டுக்கு முடியும், ஆனால் என் மாடிக்கு வரும் கருவண்டு கத்தரிப் பூவோடு திரும்பிவிடுகிறது. பிரஷ்ஷின் முதுகைப் பூக்கொத்தின் காம்பில் மூன்று விநாடி வைத்தால் போதும். பூவில் வைக்கக் கூடாது. கீழே ஒரு கறுப்பு டப்பா மூடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகரந்தம் விழுந்தால் மஞ்சள் பொடியாகத் தெரியும், விழாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். இந்த மூடிதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது. காலை ஏழு மணிக்கு வைத்தால் ஒன்றும் விழாது, நம் ஊர் ஈரக் காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை அழகாகக் கொட்டும். ஜனவரியில் மூடி மஞ்சளாகவே ஆகிவிடும். ஏப்ரலில் அதே செடியில், அதே நேரத்தில், ஒரு சிட்டிகைகூட இல்லை.

அப்புறம் சௌகார்பேட்டையில் நகை வேலை செய்கிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதில் பிராண்டிவைன் பூவைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. மகரந்தத்தை வாங்கும் முனையான சூல்முடி, அந்த மகரந்தப் பைகளின் குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சூடு கூடினால் இப்படி ஆகும். அந்த நிலையில் பிரஷ் எவ்வளவு அதிர வைத்தாலும் மகரந்தம் சூல்முடிக்கு எட்டாமல் கீழே போய்விடும். பிகேஎம் பூவில் அது உள்ளேயே அடங்கி இருந்தது. பிகேஎம் மகரந்தத்தை மூடியில் பிடித்து, நீட்டிக்கொண்டிருந்த ஆறு சூல்முடிகளை அதில் தொட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன ஒற்றைப் பிஞ்சு அப்படி வந்ததுதான். மற்ற பூக்கள் காம்பின் நடுவே இருக்கும் கணுவில் மஞ்சளடித்து, இரண்டு மூன்று நாளில் கழன்று விழுந்தன. இப்போதெல்லாம் பூவைப் பார்ப்பதில்லை, அந்தக் கணுவைத்தான் பார்க்கிறேன். அது பச்சையாகத் தடித்தால் காய் நிச்சயம்.

சரி, வரும் பட்டத்துக்கு என்ன எடுத்தேன் என்று சொல்கிறேன். பிகேஎம் 1 கட்டாயம் உண்டு. பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கியது. காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு தட்டையாக இருக்கும், நல்ல புளிப்பு. அத்தை பெங்களூர்த் தக்காளியில் ரசம் வைக்க ஒப்பவே மாட்டார். "தோலைத்தான் மெல்லணும், ரசத்துல ஒண்ணும் இறங்காது" என்பார். நானும் அதே கட்சி. அடுத்தது கோ 3, மருதம் என்றும் சொல்வார்கள். குட்டையாக நிற்கும், கொத்துக்கு மூன்று முதல் ஐந்து காய், நூறு நாள் சொச்சத்தில் முடிந்துவிடும். 75 இரவுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. மூன்றாவது அர்கா ரக்ஷக். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வீரிய ஒட்டு. இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். இலைச்சுருட்டையைப் பரப்பும் வெள்ளை ஈ என் மாடியில் நிரந்தரக் குடி என்பதால் ஆறு பை இதற்குத்தான். விதை எடுத்து வைக்க முடியாதது ஒன்றுதான் குறை. செர்ரி ஒரே பை போதும். ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை பத்துக்கு ஏழெட்டுப் பூ காய் பிடித்தது செர்ரியில் மட்டும்தான், ஆனால் பறித்து மாளாது.

விதை வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. போன வருஷம் ஆன்லைனில் ஒரு கடையில் 'பிளாக் க்ரிம்' என்ற கருஞ்சிவப்புத் தக்காளி என்று 120 ரூபாய்க்குப் பத்து விதை வாங்கினேன். முளைத்த எட்டும் சாதாரண உருண்டைச் சிவப்புத் தக்காளி. நான்கு மாதம் தண்ணீர் ஊற்றியபின்தான் தெரிகிறது, இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? அர்கா விதையை இனிமேல் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இணைய விற்பனையில் மட்டுமே வாங்குவேன். பிகேஎம், கோ 3 இரண்டும் என்னிடமே எடுத்து வைத்த விதை இருக்கிறது. பழச்சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தியது.

குழித்தட்டில் இன்னும் ஒரு தக்காளி விதைகூடப் போடவில்லை, அதற்குள் மனம் ஒட்டுக்கட்டுவதில் போய்விட்டது. மழை நின்றபின் திடீரென்று தலை தொங்கிப் போகும் வாடல் நோய்க்கு, கத்தரி அல்லது சுண்டை வேரில் தக்காளியை ஒட்டினால் நல்ல பலன் இருக்கிறது, ஈரத்தையும் தாங்கும். சுண்டை மெதுவாக முளைக்கும் என்பதால் ஆடியிலேயே இருபது விதை போட்டுவிட்டேன். இப்போது நான்கு இலை. தண்டு பென்சில் முனை அளவு தடித்ததும், அதே தடிமனில் கோ 3 நாற்று இருக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இன்னும் பிடிக்க முடியவில்லை. அதற்காக கோ 3ஐ மட்டும் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக விதைக்கப் போகிறேன், முதல் தவணை இந்த ஞாயிறு. மற்றவை ஐப்பசிக் கடைசியில், நடவு கார்த்திகை மழை ஓய்ந்தபின்.

மீதி இருந்த பிராண்டிவைன் விதை பதினொன்றை ஓசூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். டூத் பிரஷ்ஷும் லென்ஸும் அவளுக்கு வேண்டாம், கறுப்பு மூடி மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.