சிவிலை விட்டு மாமல்லபுரம் போவதா?

மார்ச் 3, 2024, ஞாயிறு

சிவில் இஞ்சினியரிங் முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் எங்களுக்குத் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடம். அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் முதலாண்டுப் பாடங்களில் இதைச் சேர்த்தது. ஒரு கிரெடிட்தான் என்பதால் வகுப்பில் பலருக்கு அது ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கிற பீரியட். நானோ வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறேன். போன வாரம் கோயில் கட்டுமானம் நடந்தது. முடிக்கும்போது சார், “பக்கத்துலயே திருமுருகன்பூண்டி இருக்கு, போய்ப் பாருங்கப்பா” என்றார்.

இன்று போனேன். அவிநாசியில் திருப்பூர் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது. சாலையோரம் சிற்பக் கூடங்கள். ஒரு கூடத்தில் அம்மன் சிலை ஒன்று பாதி வேலையில் மல்லாந்து கிடந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஐயாவிடம் பார்க்கலாமா என்று கேட்டேன். “உக்காருங்க தம்பி” என்று ஒரு கல்லைக் காட்டினார்.

அவர் சொன்னது தாளக் கணக்கு: முக நீளத்தை அளவாக வைத்துச் சிலையின் உயரத்தைப் பிரிப்பது; தசதாளம் என்றால் ஏறத்தாழ பத்து முகம். தேவி என்றால் மத்திம தசதாளம், மொத்த உயரம் 120 பங்கு. சிவன், பெருமாள் என்றால் உத்தம தசதாளம், 124 பங்கு. முகம், கழுத்து, மார்பு எல்லாம் அந்தப் பங்குக் கணக்கில்தான் வருகிறது. சிலை ஓரடியானாலும் பத்தடியானாலும் கணக்கு மாறாது. இஞ்சினியரிங் கிராபிக்ஸ் வகுப்பில் ஸ்கேல் போட்டு மண்டை காய்ந்த எனக்கு, ஒரு மூங்கில் பட்டையில் இவ்வளவையும் குறித்து வைத்திருக்கிறாரே என்று பிரமிப்பாக இருந்தது. அப்புறம் வெளியே கிடந்த கற்களைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். வெண்கல மணி மாதிரி கணீரென்றால் ஆண் கல், கைத்தாளம் மாதிரி மெல்லச் சிணுங்கினால் பெண் கல், சத்தமே எழும்பாவிட்டால் அலிக் கல்; அது தளம் போட, படி வைக்க. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது.

மார்ச் 14

சிவிலை விட்டுவிட்டுக் கோயில் கட்டுகிற கலையைப் படிக்கப் போகலாமா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. 1957இல் தொடங்கியது. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி பல வருடங்கள் முதல்வராக இருந்த கல்லூரி. ஸ்தபதி என்றால் கோயிலையும் சிலையையும் வடிவமைக்கிற மரபுக் கலைஞர். மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்., கல், உலோகம், மரம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) எனச் சிற்பத்தில் பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலைப் பட்டம், மரபு ஓவியம் என்று படிப்புகள். பி.டெக். நான்கு வருடம். இப்போது இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது.

ஆகவே அது முற்றிலும் வேறு பல்கலைக்கழகம், வேறு பாடத்திட்டம். இங்கே படித்த மேட்ரிக்ஸும் பைத்தானும் அங்கே ஒரு கிரெடிட்டாகக்கூடக் கணக்கில் வராது. போனால் முதல் வருடம் முதல் நாளிலிருந்து. என்னோடு பிளஸ் டூ முடித்தவர்கள் 2027இல் வெளியே வருவார்கள், நான் 2028இல்.

இதை அறை நண்பனிடம் சொன்னபோது, “கல்லு ஒடைக்கப் போறியா?” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துவிட்டான்.

மார்ச் 27

எங்கள் சிவில் சாரிடம் பேசினேன். திட்டுவார் என்று நினைத்துப் போனால், கேண்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசினார்.

கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. அதனால்தான் நம் மண்டபங்களில் இத்தனை தூண்கள்; தூணுக்குத் தூண் தூரம் கூடினால் மேலே போட்ட உத்திரக் கல்லின் அடிப்பக்கம் விரிசல் விடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடிக்கு நிற்பதும் இந்தக் கணக்கில்தான், எடை நேர் கீழே இறங்க வேண்டும். “இதெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரிங்தான்ப்பா. நீ எதுக்கு இதை விட்டுட்டுப் போகணும்? சிவிலை முடி. ஐஐடி மெட்ராஸ்ல பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்குன்னே ஒரு தேசிய மையம் இருக்கு. எம்.டெக். பண்ணிட்டு அந்தப் பக்கம் போ. கோயிலுக்கும் ஆச்சு, சோத்துக்கும் ஆச்சு.”

இதுவரை கேட்டதில் இதுதான் கனமான வாதம். மற்றவர்கள் எல்லாரும் ஒரு வருடம் வீணாகிறதே என்கிறார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சார் சொல்வது வேறு: போக வேண்டிய இடத்துக்கு இங்கிருந்தே வழி இருக்கிறது என்கிறார். அதற்கு என்னிடம் இன்று பதில் இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் பூண்டி ஐயாவின் கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலைப் பக்கமே விடுவதில்லை. உடைந்த கல் ஒன்றைக் கொடுத்து ஒரு முகத்தை மட்டம் பண்ணு என்றார். ஊசி உளியைச் சாய்த்துப் பிடித்து, வரிசை வரிசையாகக் கொத்திக்கொண்டே போக வேண்டும். சாய்வு கொஞ்சம் கூடினால் உளி உள்ளே இறங்கிக் குழி விழும். குறைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். குழி விழுந்தால் அந்தக் குழியின் ஆழத்துக்கு முகம் முழுவதையும் இறக்க வேண்டியதுதான். நூலைக் காவியில் நனைத்து இழுத்துத் தெறித்தால் மேட்டில் மட்டும் சிவப்பு ஒட்டுகிறது. அந்த மேட்டைக் கொத்து, திரும்ப நூல் போடு.

மதியத்துக்குள் உள்ளங்கை கன்றிப்போனது. ஆனால் கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு இது முக்கியம். சிலையை முடித்துக் கண் திறக்கிற நாளைப் பார்த்து யாருக்கும் ஆசை வரும். கொத்திய இடத்தையே திரும்பக் கொத்துகிற மதியம் சலிக்கிறதா இல்லையா என்றுதான் பார்க்க வேண்டும்.

தூசியைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். கட்டிங் மெஷின் ஓடும்போது கூடமே வெள்ளையாகிவிடுகிறது. கல் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், போனது திரும்பாது. ஐயா துண்டைத்தான் மூக்கில் கட்டுகிறார், அது போதவே போதாது. அடுத்த வாரம் நல்ல மாஸ்க் வாங்கிப் போக வேண்டும், அவருக்கும் சேர்த்து.

அவர் குடும்பம் தலைமுறையாக இதே தொழில். “எங்க பசங்க கம்ப்யூட்டருக்குப் போயிட்டாங்க தம்பி” என்றார். நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை, எனக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். “உளிக்கு அதெல்லாம் தெரியுமுங்களா?” என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 20

நேற்று ஓட்டுப் போட ஊருக்கு வந்தேன். அப்பாவும் லாரியை நாமக்கல்லில் விட்டுவிட்டு வந்திருந்தார். ராத்திரி சாப்பிட்ட பிறகு சொன்னேன்.

அம்மா முதலில் கேட்டது, “அங்க யாராவது உன்னைய எதாச்சும் சொன்னாங்களா சாமி?” ராகிங், பரீட்சை பயம், காதல் என்று அவர் மனதில் என்னென்னவோ ஓடியிருக்கும். இல்லை என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அம்மாயி, “சாமி சிலை செய்யற வேலைன்னா நல்லதுதான?” என்றார். மாமாவுக்கு போன் போட்டார்கள். இஞ்சினியர் மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர், குரலே இறங்கிவிட்டது.

அப்பா கடைசிவரை வாயே திறக்கவில்லை. காலையில் கிளம்பும்போதுதான் சொன்னார்: “கிருஷ்ணகிரியில இருந்து மெட்ராஸ் ஹார்பருக்கு எத்தனையோ கிரானைட் லோடு அடிச்சிருக்கறேன் கண்ணு. அந்தக் கல்லு போயி என்னாவுதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல. நீ அந்தக் காலேஜைப் போய்ப் பாத்துட்டு வா. பாக்காம பேச வேண்டாம்.”

மே 3

மாமல்லபுரம் போய்வந்தேன். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ஊருக்குள் நுழைந்ததுமே கல் அறுக்கிற இரைச்சல். உளிச் சத்தம் அதற்குக் கீழேதான் கேட்கிறது.

முதலில் குடைவரைகளைப் பார்த்தேன். எல்லாரும் முடிந்த சிற்பங்கள் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நான் முடியாததைத் தேடிப் போனேன். பாதியில் விட்ட மண்டபம் ஒன்றில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டத்தைச் சுற்றி ஆழமாகக் காடி வெட்டி, நடுவில் நிற்கிற சதுரத்தைத் தட்டிப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். சில சதுரங்கள் இன்னும் பெயர்க்கப்படாமல் நிற்கின்றன. அருகில் போனால் உளி போன திசை தெரிகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் வலது கைப்பக்கமிருந்து கொத்தியிருக்கிறார். பூண்டியில் நான் கொத்திய தடமும் அதே சாய்வில்தான் இருக்கும். அந்த இடத்தை விட்டு வர வெகுநேரம் மனமில்லை.

கல்லூரியில் கடைசி வருட அண்ணன் ஒருவர் கிடைத்தார். தன் வரைபடங்களை விரித்துக் காட்டினார். விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரம்) ஆறு உறுப்புகள்: அதிட்டானம் (அடித்தளம்), பாதம் (சுவர்), பிரஸ்தரம் (கூரைப் பகுதி), கிரீவம் (கழுத்து), சிகரம் (தலை), ஸ்தூபி (கலசம்). அதிட்டானத்தில் மட்டும் உபானம், ஜகதி, குமுதம், பட்டிகை என்று அடுக்கு; ஒவ்வொன்றின் உயரமும் அடுத்ததோடு கணக்கில் கட்டுண்டது. ஒன்றை மாற்றினால் மேலே எல்லாம் மாறும்.

நேரடியாகக் கேட்டேன், வேலை எப்படி? மறைக்காமல் சொன்னார். அறநிலையத்துறையில் ஸ்தபதி பணியிடங்கள் உண்டு, ஆனால் குறைவு. தனியாகத் திருப்பணி எடுக்கப் பெயர் வாங்க வேண்டும். அதற்கு ஒரு பெரிய ஸ்தபதியிடம் பல வருடம் இருக்க வேண்டும். மலேசியா, அமெரிக்கா என்று தமிழர்கள் கோயில் கட்டுகிற இடங்களிலிருந்தும் அழைப்பு வரும். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்ய பி.ஆர்க். வேண்டும், ஆகவே இந்தப் பட்டத்தோடு ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. “முதல் வருஷம் கோடுதான் தம்பி. கொடிக்கருக்குன்னு கொடி மாதிரி ஓடற அலங்காரம், அதை வரைஞ்சு வரைஞ்சு கை திரும்பணும். இருபத்திரெண்டு, இருபத்திமூணுக்கு மேல வந்தவங்களுக்குக் கை வளையறது கஷ்டமா இருக்கு. வராதுன்னு சொல்லல, கஷ்டம்.”

சார் கேட்டதற்குப் பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. சிவில் முடித்து எம்.டெக். முடித்துப் போனால், ஒருவர் கட்டிய கோயில் நிற்குமா என்று பார்த்துச் சொல்கிற இடத்தில் இருப்பேன். அது தேவையான வேலை, மரியாதையான வேலை. எனக்கு வேண்டியது அந்தக் கோட்டைப் போடுகிற இடம். அதற்குக் கை இப்போதே பழக வேண்டும்.

மே 13

கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தேன். நின்றுகொள்வதானால் மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் பத்தாவது, பிளஸ் டூ அசல் சான்றிதழ்கள் கிடைக்கும் என்றார்கள். வயிற்றைக் கலக்கிவிட்டது. வேறு பையன்களாக இருந்தால் இந்த ஒரு வார்த்தையிலேயே ஆசையை விட்டிருப்பார்கள்.

அறைக்கு வந்து தேடிப் படித்தேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு தெளிவாக இருக்கிறது: அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது. நின்றுபோகிற மாணவரிடம் மீதி வருடங்களின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) விதி. இரண்டையும் பிரிண்ட் எடுத்து, மரியாதையாக ஒரு கடிதத்தோடு முதல்வருக்குக் கொடுத்தேன். சிவில் சார் அந்தக் கடிதத்தில் இரண்டு வரி திருத்திக் கொடுத்தார். நான் போவதில் அவருக்குச் சம்மதம் இல்லை. இருந்தும் கொடுத்தார்.

மே 27

கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. இந்த வருடக் கட்டணப் பாக்கி இல்லை என்றால் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்கள். பாக்கி இல்லை.

இனிக் கடன்தான். கல்விக் கடன் நான்கு லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைத்தது. அதில் முதல் வருடத்துக்கு எடுத்தது தொண்ணூறாயிரம். படிப்பை நிறுத்தினால் தவணை உடனே தொடங்கிவிடும் என்றார் வங்கி மேலாளர். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதால் மேற்கொண்டு கடன் தேவைப்படாது. சேலத்தில் நர்ஸாக இருக்கிற அக்கா, மாதத் தவணையில் பாதியைத் தான் கட்டுவதாகச் சொன்னாள். அவள் கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணம் அது. வேண்டாம் என்றேன். “நீ மொதல் சம்பளம் வாங்கினா குடு, இப்ப சும்மா இரு” என்றாள். விடுமுறைகளில் பூண்டி ஐயாவிடம் கூலிக்கு வேலை செய்து மீதியைக் கட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சிக்கனமாக இருந்தால் சமாளிக்கலாம்.

ஜூன் 16

செமஸ்டர் தேர்வு எழுதுகிறேன். போகிறவனுக்கு எதற்கு என்று நண்பன் கேட்டான். மாமல்லபுரத்தில் இடம் கிடைக்காவிட்டால் இரண்டாம் வருடம் இங்கேதான்; அப்படி ஆனால் அடுத்த வருடமும் விண்ணப்பிப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன். அப்போது சார் சொன்ன வழியில் முழு மனதாகப் போவேன். இந்த ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். இதை வீட்டிலும் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி.

விண்ணப்பத்தில் விருப்பப் படிப்பு: பி.டெக்., மரபுக் கட்டடக்கலை.

ஜூலை 18

இடம் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்கு போன் செய்தபோது, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, கடல் பக்கம் போகக் கூடாது என்று பேச்சு அங்கே போய்விட்டது. மாமா, “ஸ்தபதின்னா கோயில்ல மரியாதை உண்டுல்ல?” என்று கேட்டார். உண்டு மாமா என்றேன்.

சிவில் சார் தன் பழைய ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, “அங்க இதை யாரும் கேக்கமாட்டாங்க, நீயா படி” என்றார். படிப்பேன். உத்திரக் கல் ஏன் விரிசல் விடுகிறது என்று தெரிந்த ஸ்தபதியாக இருக்க வேண்டும்.

நாளை டிசி வாங்க வேண்டும். அப்பாவின் லோடு காலையில் சேலத்தில் இறங்குகிறது. அங்கிருந்து பஸ் பிடித்து மதியத்துக்குள் கல்லூரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.