பாதிக் கட்டடம்

மலேசியாவின் பினாங்கு மாநில அருங்காட்சியகம் முழுக் கட்டடம் அன்று. பார்குவார் சாலையில் அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. 1896-இல் ஒரு பகுதியும் 1906-இல் இன்னொரு பகுதியுமாக எழுந்த பள்ளிக்கூடம் அது. பினாங்கு ஃப்ரீ பள்ளி 1928-இல் கிரீன் லேனுக்குப் போகும்வரை அங்கேதான் நடந்தது. போரில் குண்டு விழுந்து ஏறத்தாழப் பாதி போய்விட்டது. எஞ்சிய பாதியில்தான் 1965-இல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், நிபோங் திபாலில் கொத்து வேலை செய்கிறவன். எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் முகப்பைப் பார்த்துவிட்டு நேரே பக்கச் சுவருக்குப் போய்விடுவேன். ஒரு கட்டடம் தன் வரலாற்றை ஒளிக்க முடியாத இடம் அதுதான்.

அருங்காட்சியகத்தை ஒட்டி நிற்கிறது புனித ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் கட்டி முடித்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில் எழுந்தது என்பதை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பருத்த வெள்ளைத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் சாரம் கட்டியவன் யார், சாந்து குழைத்தவன் யார் என்றுதான் எனக்குத் தோன்றும். கோயிலுக்கும் பள்ளிக்கும் தொடர்பு உண்டு. 1816-இல் ஃப்ரீ பள்ளியைத் தொடங்கிய பாதிரியார் ஹட்சிங்ஸ் இந்தக் கோயிலோடும் சேர்ந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சில் கோயில் சேதமடைந்தது. பிறகு உள்ளே இருந்த பொருள்களும் கொள்ளை போயின. போர் முடிந்து பழுது பார்த்து 1948-இல் மீண்டும் வழிபாடு நடந்தது. இன்று போய்ப் பார்த்தால் அடிபட்ட சுவடே தெரியாது. பக்கத்துப் பள்ளிக்கோ போன பாதி போனதுதான்.

அந்த டிசம்பர் 11-ஆம் தேதி தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் நடந்ததைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. விமானச் சத்தம் கேட்டு மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து, தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி கிடையாது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், காயம்பட்டார்கள். வெள்ளைக்காரர்களை இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டார்கள். ஊர்க்காரர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, இங்கே இனிப் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

அன்று என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தாராம். தீவின் பக்கம் புகை எழும்பியதையும், பிறகு மூட்டை முடிச்சோடு பட்டணத்துக்காரர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்ததையும் சொல்லுவார். ஒரு குடும்பம் எங்கள் வீட்டு அஞ்சடியில், அதாவது முன் தாழ்வாரத்தில், படுத்திருந்ததாம். தோட்டத்தில் இதற்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. அந்த லயமும் இப்போது இல்லை, செம்பனை நட்டுவிட்டார்கள்.

ஜப்பான்காரன் காலம் என்று நாம் பேசும்போது ஒரு பகுதியை விட்டுவிடுகிறோம். போரின் கடைசி ஆண்டில் இங்கே குண்டு போட்டவர்கள் ஜப்பானை எதிர்த்த நேச நாட்டவர்கள். கோலாலம்பூரில் அமெரிக்க பி-29 விமானங்கள் செந்தூல் ரயில் பட்டறையைக் குறிவைத்து 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்தன. செந்தூல் நம் ஆட்கள் நிறைந்த இடம். மார்ச் 10-ஆம் தேதி விழுந்த குண்டில் அங்கிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பக்கப் பகுதியே போயிற்று. இன்றைய தேசிய அருங்காட்சியகம் அந்த இடத்தில்தான் 1963-இல் திறக்கப்பட்டது. மேலேயிருந்து வருகிற குண்டுக்கு யாருடைய கொடி என்பது விமானத்தில்தான். கீழே உடைவது நம் சுவர்.

பழுது பார்ப்பதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு பழைய கடைவீட்டைச் சீர்செய்யச் சொன்னார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். பிற்காலத்தில் யாரோ ஒருவர் வெடிப்பை மறைக்க மேலே கனமாகச் சிமெண்டு பூசியிருந்தார். உளியால் தட்டியதும் சிமெண்டு ஓடுபோலப் பெயர்ந்து வந்தது. உள்ளே செங்கல் ஈரமாக, விரலால் தேய்த்தால் செம்மண்ணாக உதிர்ந்தது. அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு படிந்து, கல்லைத் தின்றுவிடும். குண்டு விழாத சுவரையும் அவசரப் பழுது மெல்லக் கொல்லும். போருக்குப் பின் எங்கும் அவசரம். கையில் கிடைத்தது சிமெண்டு.

நல்ல பழுது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஃபிராவன்கிர்ஷ தேவாலயத்தை. 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் நகரத்தை எரித்தன. தீயில் வெந்த கோயில் 15-ஆம் தேதி இடிந்து விழுந்தது. அரை நூற்றாண்டு கற்குவியலாகவே கிடந்து, பிறகு மீண்டும் கட்டி 2005-இல் திறந்தார்கள். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய பழைய கற்களைப் புதிய கற்களுக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பழையது கறுப்பு, புதியது வெளிர் மஞ்சள். எது பிழைத்தது, எது புதிதாக வந்தது என்று சிறு பிள்ளையும் விரல் நீட்டிக் காட்டலாம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1940 நவம்பரில் எரிந்த பேராலயத்தின் கூரையற்ற சுவர்களை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதைக் கட்டி 1962-இல் திறந்தார்கள். லண்டனிலோ கிழக்குப் புனித டன்ஸ்டன் கோயிலின் வெற்றுச் சுவர்களுக்குள் பூங்கா வளர்த்திருக்கிறார்கள். மூன்றும் மூன்று வழி, மூன்றிலும் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பிடித்தது டிரெஸ்டன் வழி. அதில் கொத்தனின் கை நேர்மையாக இருக்கிறது.

புனித ஜார்ஜ் கோயிலை இடிபாடாக விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வழிபடும் இடம், கூரை வேண்டும். ஆனால் அருங்காட்சியகத்தின் பக்கச் சுவரில், இங்கே இதே கட்டடத்தின் மறுபாதி இருந்தது என்று மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழியிலும் எழுதி வைக்கலாமே. தரையில் பழைய அடித்தளத்தின் அளவுக்கு ஒரு வரிசைச் செங்கல் பதித்தால்கூடப் போதும். பெரிய செலவு ஆகாது. கூலியில்லாமல் செய்துகொடுக்க நான் வருவேன்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பினாங்குக்குக் கூட்டிப் போகும்போது இப்போது என்னையும் பஸ்ஸில் அழைத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை கோட்டைக்குப் பக்கத்திலுள்ள விக்டோரியா மணிக்கூண்டுக்கும் போகிறோம். 1902-இல் கட்டி முடித்த 60 அடிக் கூண்டு. போரில் அருகே விழுந்த குண்டுகளால் லேசாகச் சாய்ந்திருக்கிறது. பிள்ளைகளைச் சாலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, சுவர் நேராக நிற்கிறதா என்று நாங்கள் பார்க்கும் தூக்குக்குண்டு கட்டிய நூலைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடி நூலையும் கூண்டின் விளிம்பையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லப்போகிறேன். தலைமையாசிரியை சரி என்று சொல்லிவிட்டார். நூல் என் பட்டறையிலேயே இருக்கிறது, ஆளுக்கொன்று கட்டி வைக்க வேண்டும்.