நாலு பட்டையும் நாய் முடியும்

இன்று அமெரிக்காவின் கொலம்பஸில் ஒரு தனியார் ஜெட்டுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன்.

தோளில் நாலு தங்கப் பட்டையோடு கேப்டன், இருக்கையில் ஒட்டியிருந்த நாய் முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முந்தைய பயணியின் நாயாம். அதற்கு முன் கோல்ஃப் பைகளை இறக்கியதும் அவர்தான்.

"பறக்கிற நேரம்தான் எனக்கு ஓய்வு" என்று சிரித்தார்.

தனியார் ஜெட் ஓட்டும் பைலட்டுகளுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று நானும் கேட்டவன்தான்.

2015-இல் நெட்ஜெட்ஸ் என்ற தனியார் ஜெட் நிறுவனத்தின் பைலட்டுகள் ஒமாஹாவில், அதன் தாய் நிறுவனமான பெர்க்‌ஷயர் பங்குதாரர் கூட்டத்துக்கு வெளியே பதாகை பிடித்து நின்றார்கள். நினைத்தவுடன் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 1926-ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் சட்டம்தான் இவர்களுக்கும். ஆமாம், விமானத்துக்கு ரயில் சட்டம்! அரசின் மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் மத்தியஸ்தத்திலிருந்து விடுவிக்கும்வரை பேச்சுவார்த்தைதான்.

சரி, கேப்டன் பொறுக்கிய முடியைக் கடைசியில் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். பயணிகளின் கார் வந்துவிட்டது.