ரம்பிள் நீலமா, சிவப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஆரம்பித்தது. பதினொன்றரைக்குத்தான் முடிந்தது. அதுவும் கறிக்குழம்புக்கு வெங்காயம் உரிக்க அம்மா ஆள் தேடியதால். சண்டை எனக்கும் ஆறாம் வகுப்பு படிக்கிற என் அண்ணன் மகனுக்கும். விஷயம் இதுதான்: ரம்பிள் நீலமா, சிவப்பா?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1984 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் சவுண்ட்வேவ் என்று ஒரு வில்லன் ரோபோ உண்டு. கேசட் பிளேயராக மாறுவான். அவன் நெஞ்சுக் கதவு திறந்தால் உள்ளிருந்து கேசட் பறந்து வரும், அந்தக் கேசட்டும் ரோபோவாக மாறும். அப்படி வருகிறவர்களில் ரம்பிள், ஃபிரென்ஸி என்று இருவர். உடம்பு ஒரே அச்சு, நிறம் மட்டும் வேறு. கடையில் விற்ற பொம்மையில் ரம்பிள் சிவப்பு, ஃபிரென்ஸி நீலம். கார்ட்டூனில் அப்படியே தலைகீழ். கேசட்டையே பார்த்திராத பையன் யூடியூபில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன், ஆகவே நீலம் என்கிறான். நான் பொம்மைக்கட்சி. இதே சண்டையை உலகம் முழுக்க ரசிகர்கள் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இந்தச் சண்டை வரக் காரணம் நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கையேடு. 192 பக்க லாங் சைஸ் நோட்டு, பழுப்பு அட்டை. ஒரு ரோபோவுக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் படம், வலது பக்கம் விவரம். எல்லாம் தமிழில். வேறு யாராவது தமிழில் இப்படி எழுதி வைத்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், எங்கள் கை வலி மிச்சமாகும்.

நான் மதுரையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் டிராஃப்டிங் வேலை பார்க்கிறேன். பதினாறு வருடமாக ஆட்டோகேடில் பீமும் தூணும் படிக்கட்டும் வரைகிற ஆள். கார்ட்டூனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல்தான் இருந்தது. எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்த ஜூனியர் இன்ஜினியர் ஒருவர் தன் மேசையில் ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். 2007-ல் வந்த 'தி ஆர்க்'. ஜிம் சோரன்சன், பில் ஃபார்ஸ்டர் என்ற இருவர் தொகுத்தது. சாப்பாட்டு நேரத்தில் சும்மா புரட்டினேன். சாம்பார் ஆறிப்போனது.

கதை கிடையாது, கலர் கிடையாது. பக்கம் பக்கமாகக் கருப்பு வெள்ளைக் கோட்டுப்படம். அந்தக் கார்ட்டூனை வரைந்தவர்கள் பார்த்து வரைவதற்காகத் தயாரித்த மாதிரிப் படங்கள். ஒரு ரோபோவை முன்னால் இருந்து, பின்னால் இருந்து, தலையைத் தனியாக, ஆயுதத்தைத் தனியாக. இது எங்கள் தொழில் அல்லவா! பிளான், எலிவேஷன், டீட்டெயில். ஒரு கார்ட்டூனைப் பத்துப் பேர் அல்ல, நூறு பேர் வரைகிறார்கள். தொடக்கத்தில் ஜப்பானின் டோயி நிறுவனம் வரைந்தது, பிறகு கொரியாவின் ஏகாம் நிறுவனமும் வரைந்தது. ஆளுக்கொரு மாதிரி மூக்கு வரைந்துவிடாமல் இருக்க எல்லார் மேசையிலும் ஒரே டிராயிங் இருக்க வேண்டும். நாங்கள் சைட்டுக்கு அனுப்புவதும் அதற்குத்தானே.

அந்தப் புத்தகத்தை ஒரு சனி ஞாயிறுக்குக் கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பையன் இரண்டு நாள் குளிக்கவில்லை. "அத்தை, ஜெராக்ஸ் போட்டுக்கலாம்ல?" என்றான். அடுத்தவர் உழைப்பை அப்படி எடுக்கக்கூடாது, வேண்டுமானால் நாமே ஒன்று எழுதுவோம் என்று சொல்லிவிட்டேன். நாலு பக்கத்தோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். இப்போது பக்கம் 61.

முதல் சிக்கல் தமிழ். ஆட்டோபாட் நல்லவர்கள், டிசெப்டிகான் கெட்டவர்கள். டிசெப்டிகானுக்கு 'வஞ்சகர்' என்று போடலாமா என்று கேட்டேன். "சீரியல் மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டான். ஆட்டோபாட் என்ற பேரைக் கேட்ட எங்கம்மா, "ஏன்டா, அது ஷேர் ஆட்டோவா மாறுமா? மாட்டுத்தாவணி போகுமா?" என்றார். அவன் கோபத்தில் அன்று அப்பத்தாவோடு பேசவில்லை. ஆனால் பத்தாம் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஷேர் ஆட்டோ ரோபோ இருக்கிறது. யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை.

பொம்மைப் பெட்டியின் பின்புறம் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு மதிப்பெண் அட்டை அச்சிட்டிருப்பார்கள். எட்டு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று வரைகோடு. இந்தப் பேர்களையும் குணங்களையும் பெரும்பாலும் எழுதியவர் மார்வெல் காமிக்ஸில் இருந்த பாப் புடியான்ஸ்கி. அந்த எட்டுக்கும் தமிழ் தேடினோம்: வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிச்சல், சுடுதிறன், கைத்திறன். 'சுடுதிறன்' தோசைக்கல் மாதிரி இருக்கிறதாம். 'வெடி' என்று மாற்றிவிட்டான். வெடி 8, வெடி 10. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வரைகோடு வெறும் கண்ணுக்குத் தெரியாது. மேலே சிவப்புக் கிறுக்கல் அச்சிட்டு மறைத்திருப்பார்கள். கூடவே வரும் சிவப்புப் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை எங்கள் நோட்டிலும் செய்தே ஆகவேண்டும் என்று நின்றான். ஸ்டேஷனரி கடையில் சிவப்பு ஜெலட்டின் பேப்பர் ஒரு ஷீட் வாங்கினேன். முதல் தடவை நீல பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, மேலே சிவப்பு ஸ்கெட்ச்சால் கிறுக்கினோம். தாள் இல்லாமலே கோடு பளிச்சென்று தெரிந்தது. நீலம் அவ்வளவு அடர்த்தி. அடுத்து வெளிர்நீலக் கலர் பென்சில். கோட்டை லேசாக இழுத்து, அதன்மேல் சிவப்பும் ஆரஞ்சுமாகக் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கினோம். வெறும் கண்ணுக்குக் குழந்தை கிறுக்கின சுவர் மாதிரி இருந்தது. ஜெலட்டின் பேப்பரை ஒற்றையாக வைத்தால் மங்கல். இரண்டாக மடித்து வைத்ததும் சிவப்பெல்லாம் எங்கோ போய், கோடு மட்டும் கருப்பாக எழுந்து நின்றது. காரணம் எளிது. சிவப்புத் தாள் சிவப்பு ஒளியை மட்டும்தான் விடும். வெள்ளைக் காகிதமும் சிவப்புக் கிறுக்கலும் அதற்கு ஒரே நிறம். நீலம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் அது மட்டும் இருட்டாகத் தெரியும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் தெருவில் நாலு பேரைக் கூட்டிவந்துவிட்டான். ஜெலட்டின் பேப்பர் கிழிந்துபோய் இரண்டாவது ஷீட் வாங்கியாயிற்று.

எனக்கு இதில் உண்மையாகவே தலைவலி கொடுத்தது அளவு. அதாவது ஸ்கேல். மெகட்ரான் வில்லன்களின் தலைவன். ரோபோவாக நிற்கும்போது எதிரி ஆப்டிமஸ் பிரைமுக்குச் சமமான உயரம். ஆப்டிமஸ் ஒரு லாரி. சரி. மெகட்ரான் மாறினால்? கைத்துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியை அவன் கூட்டத்து ஆள் ஸ்டார்ஸ்கிரீம் கையில் பிடித்துச் சுடுவான். அத்தனை டன் இரும்பு எங்கே போனது? சவுண்ட்வேவும் அதே மாதிரி சட்டென்று சுருங்கி மனிதன் கையில் பிடிக்கிற கேசட் பிளேயர் ஆகிறான். நான் ஏ3 தாளில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி உயர அட்டவணை போட உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி. கணக்கு நிற்கவே இல்லை.

பிறகுதான் வேர் பிடிபட்டது. இந்தப் பொம்மைகள் கதைக்காகச் செய்தவை அல்ல. ஜப்பானில் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த இரண்டு தனித்தனி வரிசைகளிலிருந்து அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ பெரும்பாலும் எடுத்தவை. ஒன்று டயக்ளோன். அதில் ரோபோ என்பது வண்டி, உள்ளே ஓட்ட ஒரு குட்டி மனிதப் பொம்மை உண்டு. அதன் கார்கள் ஏறக்குறைய 1:60, அதாவது நிஜக் காரில் அறுபதில் ஒரு பங்கு. மற்றது மைக்ரோ சேஞ்ச். அதில் வீட்டில் கிடக்கும் சாமான்களே நிஜ அளவில் ரோபோவாகும். துப்பாக்கி, கேசட், கேமரா. அதாவது 1:1. ஆப்டிமஸ் அந்த வரிசை, மெகட்ரான் இந்த வரிசை. இரண்டு ஸ்கேலில் வரைந்த டிராயிங்கை ஒரே ஷீட்டில் ஒட்டி, இதுதான் கதை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் யாராவது இப்படிச் செய்தால் எங்கள் சார் பேப்பர்வெயிட்டைத் தூக்கி எறிவார்.

கடைசியில் ஏ3 தாளின் மூலையில் எங்கள் தொழில் வழக்கப்படி 'என்.டி.எஸ்.' என்று எழுதி மடித்து ஒட்டினேன். படம் அளவுப்படி இல்லை, ஸ்கேல் வைத்து அளக்காதே என்று அர்த்தம். பையனுக்கு அந்த மூன்றெழுத்து ரொம்பப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைகை ஆற்றுப் படம் வரைந்து கீழே என்.டி.எஸ். போட்டிருக்கிறான். டீச்சர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.

பொம்மைக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை இந்த வேலையில்தான் கவனித்தேன். அயர்ன்ஹைடு, ராட்செட் இரண்டு பேருக்கும் பொம்மை ஒரே வேன் அச்சு. ஒன்று சிவப்பு, ஒன்று ஆம்புலன்ஸ். பொம்மையில் தலையே கிடையாது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர். அதற்குத் தலை, மூக்கு, வாய் எல்லாம் யோசித்துக் கார்ட்டூனுக்கு வரைந்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஷோஹெய் கோஹாரா. மூட்டுகளையும் ஒட்டுகளையும் குறைத்து, ஆயிரம் தடவை வரைய முடிகிற கோடாக மாற்றினார். நான் இடது பக்கப் படங்கள் வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். ஸ்கைஃபயர் கதை இன்னும் வேடிக்கை. அந்தப் பொம்மை வேறு ஒரு ஜப்பானியத் தொடரின் போர் விமானம். அதனால் கார்ட்டூனில் பேரையும் உருவத்தையும் மாற்றிவிட்டார்கள். பொம்மையில் ஜெட்ஃபயர், டிவியில் ஸ்கைஃபயர். இவனுக்கு நான்கு பக்கம் ஒதுக்கவேண்டி வந்தது.

சரி, ரம்பிளுக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்கு மாடிப்படி டிராயிங் கொடுத்தேன். தளத்துக்குத் தளம் பத்தடி, படிக்கு ஆறு அங்குலம், இருபது படி. அப்புறம் வீட்டுக்காரர் உயரத்தைப் பத்தரை அடி ஆக்கச் சொன்னார். புது ரெவிஷன் போட்டு அனுப்பினேன். பழைய ஷீட்டில் 'ரத்து' என்று சீல் வைக்க மறந்துவிட்டேன். மேஸ்திரி சட்டைப்பையில் இருந்தது பழைய ஷீட். கடைசிப் படி மட்டும் ஒரு அடி உயரம். அந்த வீட்டுப் பாட்டி அதில் கால் வைத்து ஏற முடியாமல் நின்றதைப் பார்த்தேன். இடித்துக் கட்டினோம், என் சம்பளத்திலும் கொஞ்சம் போனது. அதிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும், எத்தனையாவது திருத்தம் என்று எழுதியிருக்கும் ரெவிஷன் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டே பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தான், வெங்காயத்தால். பிறகு நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மேல்மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் போட்டோம். அதில் 'பொ', 'டி', 'கா'. பொம்மை, டிவி, காமிக்ஸ். எந்த விவரம் எதிலிருந்து வந்தது என்று எழுத்துப் போட வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இடத்தைச் சுற்றி, ஆபீஸ் டிராயிங்கில் நாங்கள் மாற்றிய பகுதியைக் காட்டப் போடுவது போல் மேகம் மாதிரி வளைவுக்கோடு. ரம்பிள் பக்கத்தில் பாதி உடம்பு நீலம், பாதி சிவப்பு, நடுவில் மேகம். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இன்னும் முடியாமல் கிடப்பது ஆப்டிமஸ் பிரைமின் டிரெய்லர். லாரியாக ஓடும்போது பின்னால் பெரிய டிரெய்லர் இருக்கும். ரோபோவாக மாறியதும் அது திரையிலிருந்து காணாமல் போகும். திரும்ப லாரி ஆனால் எங்கிருந்தோ உருண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கே போகிறது? 'டி' கட்டத்தில் என்ன எழுதுவது? இரண்டு வாரமாக இதே பேச்சு.

நேற்று ராத்திரி எங்கம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: "அழகர் தங்கக்குதிரையில வந்துதான் ஆத்துல இறங்குறாரு. மறுநாள் தேனூர் மண்டபத்துல கருட வாகனத்துல நிக்கிறாரு. அந்தக் குதிரை எங்க போச்சுன்னு நீ என்னைக்காவது கேட்டியாடா?"

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க போச்சு அப்பத்தா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். வருகிற சித்திரைக்குத் தன்னைத் தேனூர் மண்டபத்துக்கு அழைத்துப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறான், கூட்டத்தில் குதிரையைத் தேட. அதுவரை டிரெய்லர் பக்கம் காலியாக இருக்கட்டுமாம். மூலையில் பென்சிலால் என்.டி.எஸ். மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.