கோல்கீப்பர் தோற்பதற்கும் ஒரு காரணம் வேண்டும்

ஐஸ் ஹாக்கி வீடியோ கேமில் ஓர் ஆட்டம் 8–7 என்று முடிந்தால் என் தம்பிக்குக் கொண்டாட்டம்; எனக்கோ அது கோல்கீப்பருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே படுகிறது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் உண்மையான போட்டியில் ஓர் அணி ஏறத்தாழ 30 முறை வலையை நோக்கி அடிக்கிறது. கோல்கீப்பர் பத்தில் ஒன்பதைத் தடுத்துவிடுவதால் மூன்று கோல் அளவில்தான் விழுகிறது. அங்கே ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகளாக நடக்கிறது. வீட்டில் பகுதிக்கு 4 நிமிடம் வைத்து ஆடும்போது அடிகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன என்பதால், அதே மூன்று கோலைக் காட்ட வேண்டுமானால் கோல்கீப்பரை மந்தமாக்க வேண்டியிருக்கிறது. சமநிலை குலைவது இங்கேதான்.

2025 இறுதியில் புல்தரை ஹாக்கியின் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்களை மதுரையிலேயே பார்த்த நம் கண்கள், 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோலுக்குப் பழகியவை. ஐஸ் ஹாக்கி வலையின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர், பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கால்களில் தடித்த காப்புப் பட்டைகள் கட்டிய ஒருவர் முழங்காலிட்டுக் கால்களை இருபுறமும் விரித்தால் வலையின் கீழ்ப்பகுதி முழுவதும் அடைபட்டுப் போகிறது. எனவே அவரை இடம்பெயர வைக்காமல் கோல் அடிப்பது கடினம். வலைக்கு முன்னால் குறுக்கே ஒரு பாஸ் கொடுத்து, வந்த வேகத்திலேயே அடிப்பது நிஜத்திலும் சிறந்த வழிதான். ஆனால் கேமில் அது ஏறக்குறைய உறுதியான கோலாகிவிடுவதால், எல்லோரும் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

அதற்கு மாற்றாக, கேமின் அமைப்புகளில் கோல்கீப்பர் குறுக்குப் பாஸுக்கு எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுவார் என்பதைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை ஒரேயடியாக ஏற்றினால் வேறொரு குறை தலைகாட்டுகிறது. "அண்ணே, நான் பாஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே அவன் நகந்துர்றாண்ணே" என்று தம்பி சொன்னது நியாயமான புகார். கண்ணால் பார்த்த பிறகு நகர்பவரே கோல்கீப்பர். பொத்தானை அறிந்து நகர்வது வெறும் நிரல்.

ஆகவே நான் பகுதியின் நேரத்தைக் கூட்டி, நேரடி அடிகளுக்கான எதிர்வினையை உயர்த்தி, குறுக்குப் பாஸுக்கானதை நடுவில் நிறுத்தி, பார்வை மறைக்கப்படும்போது தடுமாறும் அளவை அதிகமாக்கினேன். இப்போது தம்பி ஒரு முன்கள வீரரை வலைக்கு முன்னால் நிறுத்தி, கோல்கீப்பரின் கண்ணை மறைத்துத் தொலைவிலிருந்து அடிக்கிறான். ஆட்டங்கள் 3–2, 2–1 என்று முடிகின்றன. தடுத்த பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, கோல்கீப்பர் உடனே அமுக்கிப் பிடித்து ஆட்டத்தை நிறுத்திவிடுவது மட்டும் இன்னும் மிகையாக இருக்கிறது. அதைச் சற்றுக் குறைத்தால், பட்டையில் பட்டுத் தெறிக்கும் பக்கிற்காக இரு அணியினரும் முட்டிமோதும் அந்த அழகிய கணங்கள் கூடும்.